படத்தில் இல்லாதது

மாணவர்கள் சொந்தமாகச் சிந்திப்பதில்லை என்று கல்வித்துறை ஒரு திங்கட்கிழமை கண்டுபிடித்தது. செவ்வாய்க்கிழமையே சுற்றறிக்கை வந்துவிட்டது. இனி இறுதி வகுப்பு மாணவர்கள் அனைவரும் ஆண்டுக்கு ஒரு திரைப்படம் பார்க்க வேண்டும். பார்த்ததை விவாதிக்க வேண்டும். விவாதித்ததைச் சொந்த நடையில் கட்டுரையாக எழுத வேண்டும். அதில் தேறாதவர்கள் அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார்ந்து சிந்திக்க வேண்டும். எந்தப் படம் என்பதை ஆசிரியரே தேர்ந்தெடுக்கலாம், படத் தேர்வுக் குழு ஒப்புக்கொண்டால் போதும்.

அந்தப் ‘போதும்’ என்ற சொல்லை நம்பியவர் ஊரிலேயே ஒரே ஒருவர்தான். அவர் ஒரு மொழிப்பாட டீச்சர். அச்சில் வந்துவிட்டால் எதையும் நம்பிவிடும் சுபாவம் அவருக்கு. மருந்துப் புட்டியோடு வரும் தாளைக்கூட மடிப்புப் பிரித்துக் கடைசி வரி வரை படிப்பார்.

மற்ற ஆசிரியர்கள் விவரமானவர்கள். குழு ஏற்கெனவே ஒப்புக்கொண்ட படம் ஒன்று இருந்தது. பல் துலக்குவது எப்படி என்பது பற்றியது. உறுப்பினர்கள் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் அது முடிந்துவிட்டதால் ஒருவராலும் ஆட்சேபிக்க முடியவில்லை என்று பேச்சு. எல்லாப் பள்ளிகளும் அதையே கேட்டு வாங்கின.

“பல் படத்தைப் போட்டுட்டுப் போய்க்கிட்டே இருங்க டீச்சர்” என்றார் ஆசிரியர் அறையில் எதிர் நாற்காலிக் கணக்கு வாத்தியார். “மேல இருந்து கீழ, கீழ இருந்து மேல. கட்டுரை முடிஞ்சுது.”

“அதுல விவாதிக்க என்ன சார் இருக்கு?”

“அதனாலதான் சொல்றேன்.”

டீச்சர் கேட்கவில்லை. அதற்குக் காரணம் அவர் வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண். நாள் முழுக்க வெளியே பார்த்துக்கொண்டிருப்பதால் மற்ற பிள்ளைகள் அவளுக்கு ‘ஜன்னல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முன்பு வாயாடிதானாம். அப்பா வீட்டைவிட்டுப் போன பிறகு பேச்சு நின்றது, அதோடு எழுத்தும் நின்றது. கணக்கைப் போடுவாள். வரைபடத்தில் ஆறுகளைக் குறிப்பாள். கட்டுரை என்றால் மட்டும் தலைப்பை எழுதி, அடியில் கோடு போட்டு, தாளைக் கொடுத்துவிடுவாள்.

அவள் அம்மா ஒரு மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர். பெற்றோர் சந்திப்புக்கு வந்தபோதும் பழக்கதோஷத்தில் நாற்காலியில் உட்காரவில்லை.

“வீட்டுலயும் இப்படித்தான் டீச்சர். அவங்கப்பா செருப்பு இன்னும் வாசல்லயே கிடக்கு. நான் எடுக்கப் போனா ஒரு முறை முறைப்பா பாருங்க, அதோட சரி. இந்த வருஷம் பாஸாகிடுவாளா?”

“ஆயிடுவா. நான் பார்த்துக்கறேன்” என்று டீச்சர் வாக்குக் கொடுத்துவிட்டார். கட்டுரையில் தேறாவிட்டால் அவள் வகுப்புத் தோழிகள் எல்லாரும் மேலே போக, இவள் மட்டும் அதே ஜன்னலோரம் இன்னொரு வருடம் உட்கார வேண்டும். அப்புறம் அவள் வாயைத் திறக்கவே மாட்டாள் என்று டீச்சருக்குப் பயமாக இருந்தது.

அவர் மனதில் இருந்தது எப்போதோ பார்த்த ஒரு சின்னப் படம். ஓர் அப்பா வீட்டைவிட்டுப் போயிருக்கிறார். போனபோது குடையை மறந்துவிட்டிருக்கிறார். குடையைக் கொடுக்கும் சாக்கில் அவரைப் பார்த்துவிட்டு வர, அவருடைய சின்ன மகள் தனியாகப் பேருந்து ஏறிப் போகிறாள். கடைசியில் கதவு திறக்கிறது. அப்பா குடையை வாங்கிக்கொள்கிறார். “மழை வர்ற மாதிரி இருக்கு, சீக்கிரம் வீட்டுக்குப் போ” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார். அவள் நனைந்துகொண்டே நடந்து போகிறாள். அவ்வளவுதான் படம். இதைப் பார்த்தால் ஜன்னல் ஒரு வரியாவது எழுதுவாள் என்று டீச்சருக்குத் தோன்றியது. ஒரு வரி போதும், மீதியை இழுத்து வெளியே கொண்டுவந்துவிடலாம்.

தேர்வுக் குழு கல்வி அலுவலகத்தின் மேல்மாடியில் கூடியது. மாணவர்கள் பார்க்க ஒரு படமும் இல்லாத காலத்திலிருந்தே அது வாரம் தவறாமல் கூடித் தேநீர் குடித்துக் கலைந்துகொண்டிருந்த குழு. அறையில் நீள மேசை, வெள்ளைத் திரை, திரைக்கு எதிரே பெரிய கண்ணாடிச் சாளரம். சாளரத்துக்கு ஒரு பக்கம்தான் துணி இருந்தது. மறுபக்கத்துத் துணி சலவைக்குப் போனது திரும்பி வரவில்லை. அதனால் மதிய வெயில் திரையின் இடது பாதியில் விழும், அந்தப் பாதியில் யார் வந்தாலும் தெரியாது.

தலைவரைத் தவிர மூன்று பேர். பாதுகாப்பு உறுப்பினர், மனநல உறுப்பினரான ஓர் அம்மையார், பெற்றோர் பிரதிநிதி. இந்தப் பிரதிநிதியின் பிள்ளைகள் படித்து முடித்து, கல்யாணமாகி, அவர்களுடைய பிள்ளைகளே பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பதவியிலிருந்து இறங்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

படம் தொடங்கியது. அழைப்பு மணி அடிக்கிறது. சிறுமி ஓடி வந்து கதவைத் திறக்கிறாள். பாதுகாப்பு உறுப்பினர் கையைத் தூக்கினார். படம் நின்றது.

“யாருன்னு கேக்காம கதவைத் திறக்குது பாருங்க.”

“பால்காரர்தான் சார்” என்றார் டீச்சர். “அடுத்த நொடியில தெரிஞ்சிடும்.”

“அடுத்த நொடியில தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? அதுக்குள்ள திறந்துடுச்சே.”

கொஞ்ச நேரம் பேசி, கதவைத் திறக்கும் இடத்தில் ‘முதலில் யார் என்று கேட்கவும்’ என்று எழுத்துப் போடுவதாக முடிவானது. டீச்சர் நிம்மதியாக மூச்சுவிட்டார். ஆபரேட்டர் மறுபடி முதலிலிருந்து படத்தைப் போட்டார்.

“விட்ட இடத்துல இருந்து போடலாமே சார்?”

தலைவர் அன்பாகச் சிரித்தார். குழந்தைக்குச் செருப்பு மாட்டிவிடுபவரின் பொறுமை அவரிடம் இருந்தது. “விதிப்படி படத்தை இடைவிடாம முழுசா பார்த்த பிறகுதான் ஒப்புதல் கொடுக்கணும், டீச்சர். இடையில நின்னுபோச்சுன்னா அது இடைவிடாம பார்த்ததா ஆகுமா? நீங்களே சொல்லுங்க. மொழி டீச்சர் வேற.”

“அப்போ இடையில நிறுத்தாம இருக்கலாமே?”

“உறுப்பினர் கை தூக்கினா உடனே நிறுத்தணும்னும் ஒரு விதி இருக்கே.”

இரண்டு விதிகளையும் எழுதியது ஒரே ஆள்தானாம். இரண்டும் நல்ல விதிகள் என்று தலைவர் சொன்னார்.

அன்று குடை கண்ணில் படும் இடம் வரை வந்தார்கள். குடையின் நுனி கூராக இருந்தது. பாதுகாப்பு உறுப்பினர் கையைத் தூக்கினார். படம் முதலிலிருந்து ஓடியது. அதற்குள் வெயில் திரைக்கு வந்துவிட, சிறுமி இடது பாதிக்குள் போய் மறைந்தாள். கூட்டம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

அடுத்த வாரம் நுனியை மங்கலாக்கிக் கொண்டுவந்தார் டீச்சர். அதையெல்லாம் செய்ய ஒரு ஸ்டூடியோவில் கெஞ்சிக் கூத்தாட வேண்டியிருந்தது. இந்த முறை சிறுமியின் அம்மா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அழும் இடம் வரை போனார்கள். மனநல அம்மையார் கையைத் தூக்கினார்.

“பெரியவங்க அழறதை மாணவர்கள் பார்க்கக் கூடாது. பார்த்தா, பெரியவங்களும் அழுவாங்கன்னு தெரிஞ்சிடும்.”

“அவங்க வீட்டுல பார்க்கறதுதானே மேடம்.”

“வீட்டுல பார்க்கறது வேற. அது பாடத்திட்டத்துல இல்ல.”

வெட்டினால் கதை புரியாது என்று டீச்சர் மன்றாடியதால் ஒரு சமரசம் ஏற்பட்டது. அம்மா அழும்போது கீழே ‘வெங்காயம் நறுக்குகிறார்’ என்று எழுத்துப் போட வேண்டும். அதற்கடுத்த வாரம் அந்த இடம் வந்தபோது அதே அம்மையார் மறுபடி கையைத் தூக்கினார்.

“கட்டில்ல உக்காந்து யாராவது வெங்காயம் நறுக்குவாங்களா? பிள்ளைங்களுக்குத் தப்பான பழக்கம் வந்துடும்.”

எழுத்து, ‘சற்று முன் வெங்காயம் நறுக்கினார்’ என்று திருத்தப்பட்டது. படம் முதலிலிருந்து ஓடியது. ஆபரேட்டர் நாற்காலியில் சாய்ந்து தூங்குவார். கை தூக்கும் இடம் வந்ததும் தானாக விழிப்பார், நிறுத்துவார், ஓட்டுவார், தூங்குவார்.

எல்லாவற்றிலும் பெரிய பிரச்சினை பெற்றோர் பிரதிநிதியிடமிருந்து வந்தது. “ஆமா, இந்தப் பொண்ணோட அப்பா எங்க?” என்று அவர் ஒருநாள் கேட்டார். மாதக்கணக்கில் அதே காட்சிகளைப் பார்த்தவர் அன்றுதான் அதைக் கவனித்திருந்தார்.

“அவர் வீட்டைவிட்டுப் போயிட்டார் சார். அதுதான் கதையே.”

உறுப்பினர்கள் தலைவரைப் பார்த்தார்கள்.

“போயிட்டார்னா, வேலை விஷயமா வெளியூரா?” என்று தலைவர் எடுத்துக் கொடுத்தார்.

“இல்லை சார். விட்டுட்டுப் போயிட்டார்.”

“அதை ஏன் நீங்க அப்படிப் பார்க்கறீங்க? திரும்பி வரலைங்கறது மட்டும்தானே நமக்குத் தெரியும். அதுவும் நாங்க இன்னும் பார்க்காத இடம்.”

அன்று டீச்சர் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டார். “சார், இந்தக் குழு எப்பவாவது ஒரு படத்தைக் கடைசி வரைக்கும் பார்த்திருக்கா?”

தலைவருக்குக் கோபமே வரவில்லை. எழுந்து நின்றார், கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். யாராவது கேட்கமாட்டார்களா என்று வெகுநாள் காத்திருந்தவர்போல் பேசினார்.

“இருபது வருஷமா நான் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன் டீச்சர். பல் படத்தைத் தவிர ஒரு படத்தைக்கூட முழுசா பார்த்ததில்ல. அதனாலதான் எனக்கு எந்தப் படத்து மேலயும் விருப்பும் கிடையாது, வெறுப்பும் கிடையாது. முழுசா பார்த்தவன் என்ன பண்ணுவான்? ஒண்ணு அழுவான், இல்ல சிரிப்பான். ரெண்டும் பண்ணினவன் எப்படி நடுநிலையா முடிவெடுப்பான்? இந்தக் குழுவோட பலமே அதுதான்.”

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். சத்தம் கேட்டு ஆபரேட்டர் விழித்துப் படத்தை நிறுத்தினார். அது ஏற்கெனவே நின்றுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் புலம்பினார் டீச்சர். அவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை செய்பவர், எதையும் மேலே, கீழே என்றே யோசிப்பவர். “விட்டுத் தள்ளும்மா. லிஃப்ட் நடுவுல சிக்கிட்டா மேலயும் இழுக்கக் கூடாது, கீழயும் இழுக்கக் கூடாது. ஆளை வெளியே எடுக்கணும்.”

“யாரை?”

“உன்னைத்தான்.”

டீச்சர் வெளியே வரவில்லை. ஆண்டுத் தேர்வு நெருங்கியது. அப்போதுதான் தலைவருக்கு அந்த யோசனை உதித்தது. இதுவரை பார்த்த பகுதியில் ஆட்சேபணைகள் அத்தனையும் தீர்ந்துவிட்டன அல்லவா? ஆகவே இதுவரை பார்த்த பகுதிதான் படம் என்று முடிவெடுத்துவிட்டால், குழு அதை இடைவிடாமல் முழுமையாகப் பார்த்ததாக ஆகிவிடும். அப்படியே தீர்மானம் நிறைவேறியது. அப்பா வெளியூர் போயிருப்பதாக ஓர் எழுத்தும் சேர்க்கப்பட்டது. சிறுமி குடையோடு பேருந்து நிறுத்தத்தில் வந்து நிற்பதோடு படம் முடிந்தது.

“நம்ம குழு ஒப்புதல் கொடுத்த முதல் கதைப்படம்!” என்று தலைவர் டீச்சரின் கையைக் குலுக்கினார். டீச்சருக்கு அழுகை வந்தது. அதை அவர்கள் ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

படம் தயார் என்றால் விவாதமும் தயாராக வேண்டுமே. மனநல அம்மையார் வழிகாட்டுக் குறிப்பு எழுதி அனுப்பினார். விவாதம் என்பது எல்லா மாணவர்களும் ஒரே கருத்துக்கு அமைதியாக வந்து சேரும் வழி. அந்தக் கருத்து பின்பக்கத்தில் கொடுக்கப்பட்டுள்ளது. பின்பக்கத்தில், மழைக்கு முன்பே குடையோடு புறப்பட்ட சிறுமியிடமிருந்து நாம் முன்யோசனையைக் கற்கிறோம் என்று இருந்தது. கூடவே ஒரு மாதிரிக் கட்டுரையும் வந்தது. அதன் நடுவில், சொந்த நடைக்காக இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள்.

பள்ளி அரங்கில் படம் போட்டார்கள். ‘முதலில் யார் என்று கேட்கவும்’ வந்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள். வெங்காயம் வந்தபோது விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் திரை வெள்ளையானதும் “அப்புறம்?” என்று பல குரல்கள் எழுந்தன. அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று ஹெட்மாஸ்டர் அறிவித்தார். பிள்ளைகள் தோளைக் குலுக்கிக்கொண்டு கலைந்தார்கள்.

ஜன்னல் மட்டும் போகவில்லை. நாற்காலிகள் மடக்கி அடுக்கப்படும் வரை நின்றுகொண்டிருந்தாள். பிறகு டீச்சரின் அருகே வந்தாள். அந்த வருடம் முழுக்க அவள் தானாக வந்து பேசியது அது ஒன்றுதான்.

“அவ அங்க போனாளா டீச்சர்?”

டீச்சர் சொல்லக் கூடாது. படத்தில் இல்லாததை ஆசிரியர் சொல்வது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது என்று குறிப்பில் தடித்த எழுத்தில் இருந்தது. ஹெட்மாஸ்டர் இரண்டு வரிசை தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ என்ன நினைக்கிறியோ அதை எழுது” என்றார் டீச்சர்.

அவள் எழுதினாள். தேர்வு அறையில் கூடுதல் தாள் கேட்டு வாங்கி எழுதினாள். வெளியே தாழ்வாரத்தில் நின்று அதைப் பார்த்த டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை.

திருத்தும்போது படித்தார். ஜன்னலின் கதையில் சிறுமி பேருந்தில் போகிறாள். தெருப் பெயரை நாலு பேரிடம் கேட்டுக் கண்டுபிடிக்கிறாள். மாடிப்படி ஏறுகிறாள். கதவு சாத்தியிருக்கிறது. தட்டக் கையை எடுக்கும்போது, கதவுக்கு வெளியே ஒரு புதுக்குடை விரித்துக் காயவைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கிறாள். அப்பாவுக்கு யாரோ வேறு குடை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. தட்டாமல் இறங்கிவிடுகிறாள். திரும்பும் வழியில் மழை. கையில் குடை இருக்கிறது, அவள் விரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அதை எடுத்த இடத்திலேயே சாத்திவைக்கிறாள். எங்கே போனாய் என்று அம்மா கேட்கிறாள். மழை பார்க்கப் போனேன் என்கிறாள்.

படத்தைவிட இது நன்றாக இருந்தது. டீச்சர் தாளை மேசையில் வைத்துவிட்டு வாய்விட்டு அழுதார், எதிர் நாற்காலிக் கணக்கு வாத்தியார் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு டீச்சர் விடைக்குறிப்பை எடுத்தார். முன்யோசனைக்கு இவ்வளவு, மழைக்கு இவ்வளவு, குடையின் பயன்களுக்கு இவ்வளவு. படத்தில் இல்லாததற்குப் பூஜ்யம். ஜன்னலின் கட்டுரையில் முன்யோசனை என்ற சொல்லே இல்லை. குடை இருந்தது, மழையும் இருந்தது. ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று உதவவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு மேல்மாடிக்கு ஓடினார். விசேஷ மதிப்பெண் கொடுக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு என்று சுற்றறிக்கையில் படித்திருந்தார்.

தலைவர் கட்டுரையை வாங்கி உரக்கப் படித்தார். படிக்கும்போது கை தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று விதி ஏதும் இல்லாததால் அது கடைசி வரை போனது. அந்த அறையில் ஒரு கதை கடைசி வரை போனது அதுதான் முதல் தடவை. பெற்றோர் பிரதிநிதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனநல அம்மையார் கைப்பைக்குள் எதையோ தேடினார்.

“ரொம்ப நல்லா இருக்கே” என்றார் தலைவர். “இந்தப் படத்தை ஏன் நாம தேர்வு செய்யல?”

“இது அதே படம்தான் சார். அதுல இருந்து வந்த கட்டுரை.”

“ஆனா இதெல்லாம் படத்துல இல்லையே.”

“படத்துல அவ போறா சார். மாடிப்படி, கதவு எல்லாம் இருக்கு. நீங்க பார்க்கலை.”

“நாங்க பார்க்காதது படத்துல எப்படிம்மா இருக்கும்?” என்று தலைவர் கேட்டார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

“அப்போ இப்ப பாருங்க சார். கடைசி வரைக்கும் ஒரே ஒரு தடவை. அந்தப் பொண்ணோட ஒரு வருஷம் இதுல இருக்கு.”

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று எல்லாரும் இளகியிருந்தார்கள். தலைவர் ஆபரேட்டரைப் பார்த்துத் தலையசைத்தார். வெட்டாத முழுப் படம் திரையில் ஓடத் தொடங்கியது. டீச்சர் கைகளை இறுகக் கோத்துக்கொண்டார். அழைப்பு மணி அடித்தது. சிறுமி ஓடி வந்து கதவைத் திறந்தாள்.

பாதுகாப்பு உறுப்பினரின் கை தானாக மேலே போனது.

படம் நின்றது. அவரே சங்கடப்பட்டார். “மன்னிச்சுக்கங்க, பழக்கம்” என்றார். ஆனால் தூக்கிய கை தூக்கியதுதான், அதைப் பதிவு செய்தாக வேண்டும். அதற்குள் வெயில் திரைக்கு வந்துவிட்டது. அடுத்த வாரம் கோடை விடுமுறை.

மதிப்பெண்ணை அந்தந்த ஆசிரியரே தம் கையால் போட வேண்டும். டீச்சர் போட்டார். வேலையை விட்டுவிடலாமா என்று ஓர் இரவு யோசித்தார். வீட்டு வாடகை, கணவரின் முதுகு வலி எல்லாம் நினைவுக்கு வர, விடவில்லை. விட்டிருந்தாலும் வேறு யாராவது அதே பூஜ்யத்தைப் போட்டிருப்பார்கள் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். சமாதானம் ஆகவில்லை.

அடுத்த ஆண்டு ஜன்னல் அதே வகுப்பில், புதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். ஜன்னலோரம் இல்லை, முதல் வரிசையில். அதே படம் போடப்பட்டது. பேருந்து நிறுத்தத்தில் திரை வெள்ளையானபோது அவள் ஒன்றும் கேட்கவில்லை. கட்டுரைக்கு முழு மதிப்பெண் வாங்கினாள். துறை அளவில் அதுதான் முதலிடம். பாராட்டு விழாவில் தலைவர் கேடயத்தைக் கொடுத்துவிட்டு, சொந்தமாகச் சிந்திக்கத் தெரிந்த ஒரு தலைமுறை உருவாகிவிட்டது என்று நா தழுதழுக்கச் சொன்னார். அவள் மேடையில் நின்று கட்டுரையை ஒப்பித்தாள். தெளிவான குரல். குடை மழையிலிருந்து நம்மைக் காக்கிறது. ஆகவே முன்யோசனை அவசியம்.

விழா முடிந்ததும் அவள் அம்மா டீச்சரின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். “நீங்க சொன்ன மாதிரியே பண்ணிக் காட்டிட்டீங்க டீச்சர். இப்பல்லாம் நல்லா பேசறா. அந்தச் செருப்பைக்கூட அவளே எடுத்துக் குப்பையில போட்டுட்டா.”

கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றவளை டீச்சர் தனியே அழைத்துப் போனார். போன வருடத் தாளை அவளிடமே கொடுத்திருந்தார், பத்திரமாக வைத்துக்கொள் என்று சொல்லி.

“அந்தக் குடைக் கதை, நீ எழுதினியே, அது வச்சிருக்கியாம்மா?”

“இல்ல டீச்சர்.” அவள் பணிவாகச் சிரித்தாள். “அது படத்துல இல்லையே.”